கண்டம் செய்த பேட்டரி

என் ஜீப்புக்கு நம்பகமான பேட்டரி எது என்று நான் வாரக்கணக்கில் அலைந்தபோது என் மனைவி சொன்னாள்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு ஒரு கேள்வி கேட்டீங்களா? பஜ்ஜியத் தின்னீங்க, போயிட்டீங்க. இந்தக் கறுப்புப் பெட்டிக்கு இவ்ளோ விசாரணையா?"

அவள் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. வீட்டில் யாருக்கும் அந்த ஜீப் பிடிக்காது. நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய டீசல் வண்டி. மூன்றாம் கை மாறி என்னிடம் வந்தது. வாரம் முழுக்க ஊரப்பாக்கம் வீட்டு வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டருக்கு இடைஞ்சல் செய்யும். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வற்றிய ஏரி, கைவிட்ட கல்குவாரி, கடலோரச் சவுக்குத் தோப்பு என்று மேடு பள்ளம் பார்த்து ஏற்றி இறக்குவேன். உருப்படியான ரோடு இருக்கும்போது பள்ளத்தைத் தேடிப் போய் விழும் ஆள் என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர்.

ஒரு ஞாயிறு காலை சாவியைத் திருப்பினேன். செல்ஃப் எடுக்கவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தெருவில் பால் வாங்க வந்தவர்கள், நடைப்பயிற்சி போனவர்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். தள்ளும்போது அவர்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று தொடங்கியது ஆராய்ச்சி. என் வேலையும் அப்படி. மறைமலை நகரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூடக் கண்டுபிடித்துச் சிவப்புப் பெயிண்ட் தடவி ஒதுக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பேட்டரி பார்க்கப் போனால் எந்தக் கடைக்காரனுக்குத்தான் பொறுக்கும்? எத்தனை ஆம்பியர் என்று எல்லோரும் சொல்வார்கள். குளிர்ந்து கிடக்கும் டீசல் என்ஜினை முதல் உதையில் சுழற்ற எவ்வளவு வேகமாகக் கரண்ட் தரும் என்று கேட்டால் முழிப்பார்கள். தண்ணீர் ஊற்றும் வகையா, ஊற்றவே வேண்டாத வகையா? வண்டி சாய்ந்தால் ஆசிட் சிந்துமா? குலுங்கினால் உள்ளே பிளேட் தாங்குமா? பாசிட்டிவ் முனை இடப்பக்கமா வலப்பக்கமா? மாறியிருந்தால் என் வண்டியில் வயர் எட்டாது. பெட்டியை இறுக்கிப் பிடிக்கும் பட்டை பொருந்துமா? கடையில் எத்தனை மாதம் தூசு படிந்து கிடந்தது? வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது? ஒரு கடையில் என் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் எழுந்து சாப்பிடப் போனார். திரும்பி வரவே இல்லை.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு சின்னக் கடைக்காரர் எனக்கு ஈடுகொடுத்தார். முதலில் பழைய பேட்டரியைப் பார்க்கலாம் என்று கவட்டை மாதிரி இருந்த ஒரு மீட்டரை எடுத்து இரு முனைகளிலும் வைத்தார்.

"சும்மா வச்சா வோல்டேஜ் காட்டுது பாருங்க சார். பல்பு போட்டா ஜெகஜ்ஜோதியா எரியும். இப்ப லோடு குடுக்கறேன், பாருங்க."

பொத்தானை அழுத்தினார். முள் மயங்கி விழுந்தது.

"உள்ள பிளேட்டு போயிடுச்சி. என்னிக்கு வேணும்னாலும் படுத்துடும். இத நம்பாதீங்க சார், கண்டம் பண்ணிடுங்க."

கண்டம். எங்கள் தொழிற்சாலையிலும் இதே சொல்தான். ஆங்கில 'கண்டெம்'மிலிருந்து வந்து, கிரீஸும் துருவும் படிந்து தமிழாகிவிட்ட சொல். பணிமனையில் கிடக்கும் பஸ்ஸைக் கண்டம் பண்ணினார்கள் என்போம், ஆபீஸ் நாற்காலியைக் கண்டம் பண்ணினார்கள் என்போம். கண்டம் செய்த பொருள் காயலான் கடைக்குத்தான் போகவேண்டும், இன்னொருவர் உபயோகத்துக்குப் போகக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

குலுக்கலைத் தாங்கும் கனமான பேட்டரி ஒன்றை அவர் காட்டினார். அதன் தேதி, முனை, பட்டை எல்லாவற்றையும் பார்த்து ஒப்புக்கொண்டேன். பழையதற்கு அவர் சொன்ன விலையில்தான் தகராறு வந்தது. நான் கேட்டது கொஞ்சம் கூட. அவர், "இது ஈய விலை சார், உங்க பாசத்துக்கெல்லாம் விலை போட முடியாது" என்று சிரித்தார். கடையில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பழையதைக் கொடுக்க மாட்டேன் என்று தூக்கி ஜீப்பின் பின்னால் போட்டுக்கொண்டு வந்தேன். வறட்டு வீம்பு. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் போகும் வழியில் கிழக்கே திரும்பினால் ஒரு குப்பம் வரும். அங்கே எனக்கு ஒரு சிநேகிதன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். பல வருஷங்களுக்கு முன்பு சவுக்குத் தோப்பு மணலில் என் ஜீப் அச்சுவரை புதைந்தபோது ஆட்களைக் கூட்டி வந்து தூக்கிவிட்டவன். "நாலு சக்கரமும் சுத்துதுன்னு பெருமையா சொல்ற அண்ணாத்த, நாலும் சேந்து குழிதான் நோண்டுது" என்று அன்று அவன் சொன்னதில் பிடித்துப்போயிற்று. அதிலிருந்து ஞாயிறுதோறும் அவன் வீட்டருகே வண்டியை நிறுத்தி, டீ குடித்து, மீன் வாங்கிக்கொண்டு வருவது வழக்கம்.

புதுப் பேட்டரி போட்ட மறு ஞாயிறு பானெட்டைத் திறந்து காட்டினேன். கல்யாணப் பெண்ணைக் காட்டுகிறமாதிரிக் காட்டினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "பழச இன்னா பண்ண?" என்றான்.

"பின்னாடிதான் கிடக்கு. ஏன், வேணுமா?"

அவனுடைய ஃபைபர் படகில் என்ஜினைக் கையால் சுற்றித்தான் கிளப்புவார்கள், அதற்குப் பேட்டரி வேண்டாம். ஆனால் ஜி.பி.எஸ்., வயர்லெஸ், ஒரு விளக்கு, இந்த மூன்றுக்கும் பேட்டரி வேண்டும். அவனிடம் இருந்தது உயிரை விட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் புதிது வாங்குவதாக இருந்தான்.

"எதுக்கு வாங்கற? இத எடுத்துக்கோ" என்றேன். என்னவொரு மிதப்பு. கடைக்காரரின் சிரிப்புக்கு அப்போதுதான் பதில் கொடுத்த மாதிரி இருந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் இல்லை அவன். உடனே தோளில் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வைத்தான்.

அப்போது எனக்குள் உத்தியோகக்காரன் விழித்துக்கொண்டான். "தம்பி, ஒண்ணு சொல்லிடறேன். கடைக்காரர் இத கண்டம்…"

"அண்ணா."

அவன் மனைவி. வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கையில் அரிவாள்மனையோடு எழுந்துவிட்டாள். "கடலுக்குப் போற வூட்டு வாசல்ல நின்னுகினு அந்த வார்த்தைய சொல்லாதீங்கண்ணா."

அவன் சிரித்தான். "என் ஜாதகத்துல தண்ணில கண்டம்னு எவனோ எழுதி வச்சிட்டான் அண்ணாத்த. தண்ணிலதான் பொழப்பே. இவளுக்கு அந்தப் பேச்சே ஆவாது."

அவள் சிரிக்கவில்லை. வாயில் முணுமுணுத்து அம்மனை வேண்டிக்கொண்டாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. விருந்தாளியாக வந்த வீட்டில் அபசகுனம் பேசிவிட்டேனே என்ற கூச்சம். கண்டம் என்ற ஒரு சொல் போனால் என்ன, தமிழில் வேறு சொல்லா இல்லை? கெட்டுப்போனது என்று சொல்லியிருக்கலாம். நம்பாதே என்று சொல்லியிருக்கலாம். பிளேட் போய்விட்டது, கடலுக்கு எடுத்துப் போகாதே என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "ஒண்ணுமில்லம்மா. பழசுதான், பார்த்து வச்சிக்கட்டும்னு சொல்ல வந்தேன்."

அவன் ஒரு பல்பை மாட்டினான். கடைக்காரர் சொன்ன மாதிரியே ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. "நல்லாதான கீது" என்றான்.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது போன் செய்து சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். செங்கல்பட்டு வந்தபோது அடுத்த வாரம் நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. ஊரப்பாக்கம் வந்தபோது டி.வி.யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரங்களில் கேட்டேன். "சூப்பரா கீது" என்றான். வேலை செய்கிறதே, கடைக்காரர் வியாபாரத்துக்காகப் பயமுறுத்தியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். மற்றவர்கள் செய்தால் நான் சிவப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்திருக்கக் கூடிய காரியம் இது. எனக்கு நானே பாஸ் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு. குப்பத்துக்குள் நுழைந்தபோது மீன் ஏலம் போடும் இடத்தில் கூச்சல் இல்லை. பெண்கள் கடலைப் பார்த்து நின்றிருந்தார்கள். நடுவில் அவன் மனைவி. முந்தின நாள் மத்தியானம் அவனும் இன்னும் இரண்டு பேரும் வலையோடு போயிருக்கிறார்கள். விடியலில் கரை சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை.

"வயர்லெஸ்ல கூப்டுகினே கீறோம். பதிலே இல்ல" என்றார் அங்கிருந்த ஒருவர்.

முதலில் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். 'அந்தப் பேட்டரி நான் கொடுத்தது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?' அவன் உயிரோடு இருக்கிறானா என்பது அதற்கு அடுத்துத்தான் வந்தது. இதை நினைத்தால் இன்றும் சோற்றில் கை வைக்கப் பிடிக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "அண்ணா, நீங்க குடுத்த பேட்டரி கீதுல்ல? அதான் போட்டுகினு போயிருக்காரு. அது பெரிய வண்டி பேட்டரி, ஒரு நாள் பூரா வயர்லெஸ் ஓடும்னு சொன்னாரு. ஓடும்ல?"

"ஓடும்மா" என்றேன்.

"அப்ப கூப்டுவாரு" என்று மற்றப் பெண்களிடம் திரும்பிச் சொன்னாள். "அண்ணனே சொல்றாரு."

தேடப் புறப்பட்ட படகுகளுக்கு டீசல் போதவில்லை. ஈ.சி.ஆர். ரோட்டில் இருக்கும் பங்க்குக்குப் போய்க் கேன்களில் பிடித்துக்கொண்டு மணல் வழியே கரைவரை கொண்டுவர என் ஜீப்பால்தான் முடியும். போனேன், வந்தேன், மறுபடி போனேன். கடலோரக் காவல்படைக்கு ஊர்க்காரர்கள் போன் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சாவியைத் தொட்டாலே என்ஜின் பிடித்துக்கொண்டது. குலுங்கினாலும் சாய்ந்தாலும் அசையாத பேட்டரி. நான் அத்தனை நாள் கேள்வி கேட்டுக் கேட்டு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்குக் கல் மாதிரி ஒன்று, கடலுக்குப் போகிறவனுக்குக் கழித்துப் போட்டது ஒன்று. டீசல் கேனை இறக்கிக்கொண்டே ஒரு பெரியவர், "நல்ல வண்டி தம்பி, டக்குனு புடிச்சிக்குது" என்று பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். அவர் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

மத்தியானம் சாய்ந்த பிறகு தெற்கே இரண்டு படகுகள் தெரிந்தன. ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. கரையில் நின்றவர்கள் இழுபட்டு வந்த படகில் தலைகளை எண்ணினார்கள். மூன்று. அவள் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் உதடு வெடித்து, கண் சிவந்து இறங்கினான். தண்ணீரை மடமடவென்று குடித்தான். "என்ஜின் காத்தாடில வலை சுத்திகிச்சி. மூழ்கி அறுத்துப் பாத்தோம், அதோட தண்டே வளைஞ்சி போச்சி. சரி, யாரயாச்சும் கூப்டலாம்னு வயர்லெஸ் எடுத்தா உசுரே இல்ல. ஜி.பி.எஸ்.ஸும் போச்சி. நீரோட்டம் எங்கயோ இழுத்துகினு போவுது, எங்க கீறோம்னே தெரியல." அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று சேர்த்துக்கொண்டான்: "அத இன்னா சொல்றது அண்ணாத்த, அதுக்கும் வயசாயிடுச்சில்ல."

டீசல் சுமந்ததற்காக ஊரே எனக்கு நன்றி சொன்னது. ஒரு வீட்டில் பாயைப் போட்டு உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்தால் ஏன் என்று கேட்பார்களே.

அந்த வாரம் முழுக்க என்னால் வேலையில் கண்ணை நிறுத்த முடியவில்லை. நல்ல பாகத்துக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். சனிக்கிழமை செங்கல்பட்டு போனேன். கடைக்காரர், "அதுக்குள்ள என்ன சார் கம்ப்ளைன்ட்?" என்று எழுந்தார். என் வண்டிக்கு இல்லை, கடலுக்குப் போகிற ஒருவருக்கு என்றேன். வண்டிப் பேட்டரி ஒரே உதையாக உதைக்கத்தான் லாயக்கு, நின்று நிதானமாகக் கரண்ட் கொடுக்க வேறு ரகம் இருக்கிறது என்று ஒன்றைக் காட்டினார். இந்தத் தடவை தேதி பார்க்கவில்லை, விலை பேசவில்லை. "இப்ப அவர் எத வச்சி ஓட்டறாரு?" என்று அவர் கேட்டபோது, வயர் வேண்டுமா என்று பேச்சை மாற்றினேன்.

ஞாயிறு காலை அதைத் தூக்கிக்கொண்டு போய் அவன் வீட்டு வாசலில் வைத்தேன். அவன் வளைந்த தண்டைச் சரிபார்க்கக் கரைக்குப் போயிருந்தான். அவள்தான் இருந்தாள். எப்படியும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு வந்திருந்தேன். அவன் கண்ணைப் பார்த்துச் சொல்வதைவிட இது சுலபம் என்றும் தோன்றியது.

"தங்கச்சி, அந்தப் பழைய பேட்டரி கெட்டுப்போனதும்மா. கடைக்காரர் என்கிட்ட நேராவே சொன்னாரு, எப்ப வேணா நின்னுடும்னு. தெரிஞ்சேதான் குடுத்தேன். சொல்லாம விட்டது என் தப்பு."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். நான் அன்று நின்ற இடத்தை. அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"நீங்க சொல்ல வந்தீங்கண்ணா" என்றாள். "நான்தான் சொல்ல வுடல."

"இல்லம்மா, அப்படி இல்ல…"

"நான்தான் வாய அடச்சேன். மூணு உசுரு. நான்தான்."

அவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். இதை நான் யோசித்திருக்கவே இல்லை. ஒரு வாரம் என் குற்றத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தவன், அதை எங்கே இறக்கி வைக்கிறேன் என்று பார்க்கவில்லை. வேறு சொல்லில் சொல்லியிருக்கலாம், போனில் சொல்லியிருக்கலாம், எத்தனையோ ஞாயிறு இருந்தது, தப்பு முழுக்க என்னுடையது என்று என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. "அவருகிட்ட சொல்லிடாதீங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள். "அவரு கூடப் போன பசங்க வூட்டுலயும் தெரிய வேணாம். என்னாலதான்னு ஆயிடும்."

அவன் வரும் சத்தம் கேட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கொடுக்க டீயை எடுத்து வந்தாள். அவன் வந்ததும் வாசலில் இருந்த புதுப் பேட்டரியைப் பார்த்து நின்றான்.

"இன்னாண்ணா இது? எதுக்கு இம்மாஞ் செலவு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: "நான்தான் கேட்டேன்."

"இன்னாது?"

"அண்ணனாண்ட நான்தான் வாங்கிக் குடுங்கன்னு கேட்டேன்."

அவன் முகம் கறுத்துவிட்டது. நான் கொடுத்ததை வாங்கிக்கொள்வது அவனுக்கு வேறு, கையேந்திக் கேட்பது வேறு. "ஒருத்தராண்ட போய்க் கேக்கறதுக்கு உனுக்கு வெக்கமா இல்ல? நமக்கு வாங்கத் துப்பில்லன்னு ஊருக்குச் சொல்றியா? அன்னிக்கு எங்களுக்காவ டீசல் தூக்கிகினு அலைஞ்ச மனுசன், அவராண்டயே போய்க் கேட்டியா?" என்று பிடித்துக்கொண்டான். என் பக்கம் திரும்பி, "மன்னிச்சிக்கோ அண்ணாத்த, இவ எப்பவும் இப்படி இல்ல" என்றான். மறுபடியும் அவளிடம் திரும்பினான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து, சொல்லாதே என்று என்னைப் பார்த்தாள். அவன் திட்டிக்கொண்டே இருந்தான். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.